ஃபேன் பிளக் லூஸா இருக்கு

சங்கரவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சியின் முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரகடம் பக்கத்தில் பழைய டயர் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்துப் பயிற்சி நிலையமாக மாற்றியிருந்தார்கள். கட்டட வேலை பார்ப்பவர்களை மின் பராமரிப்பு ஆட்களாக்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சி அது. வந்திருந்தவர்களும் பன்னிரண்டு பேர்தான். பயிற்றுநர் கலியமூர்த்தி ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் நகம் அளவு பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டே வந்தார். காகிதத்தில் அதன் பெயர் மின்னுணர் பட்டை. வேலைத்தலங்களில் அதைக் கிச்சுப்பட்டை என்றார்கள்.

"கரண்ட் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல கை போச்சுன்னா இது உள்ளுக்குள்ள கிச்சுக்கிச்சு மூட்டும். வீட்டு லைனுக்குக் களுக்குன்னு வரும். மூணு ஃபேஸுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரும். பெரிய லைன்னா அஞ்சடி தள்ளி நிக்கும்போதே தரையில உருளுவீங்க" என்றார் கலியமூர்த்தி.

மூக்கன் கையைத் தூக்கினார். இருபத்தைந்து வருஷம் குழாய் வேலை பார்த்தவர், அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவர். "எதுக்கு சார் சிரிப்பு? பயங்காட்டுனா போதாதா?"

"மண்டையோடு போட்ட போர்டு எத்தனை வருஷமா மாட்டினோம்? யாரு பயந்தீங்க? அதுல சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டீங்க. அதுவும் இல்லாம, பயந்தா கை இறுகும். கரண்ட் அடிச்சாலும் கை இறுகும். ஆளைக் கொல்றதே அந்தப் பிடிதான். சிரிக்கிறவன் கையில பிடி நிக்காது. வேணும்னா விழுந்து விழுந்து சிரிக்கும்போது ஒரு டம்ளரைத் தூக்கிப் பாருங்க."

பட்டை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு மின்சாரம் தாக்கிச் செத்தவர்கள் அநேகமாக இல்லை என்று பட்டை செய்யும் கம்பெனி சொன்னது. அதனால் மண்டையோட்டு போர்டுகளைக் கழற்றிவிட்டார்கள். கசிவு வந்தால் தானாக அணைகிற டிரிப்பர்களையும், அடிக்கடி அணைந்து தொந்தரவு செய்கிறது என்று கழற்றிவிட்டார்கள். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வேலை பார்த்த வழக்கமும் போயிற்று. கீழே நிற்கும் சூப்பர்வைசர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டால் மெயினை அணைப்பார். கேட்காவிட்டால் வேலை ஆரம்பம். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் லைன் பார்க்க வந்த நான்கு பேர் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் அடிக்கப் போன சம்பவமும் உண்டு.

"எல்லாரும் போர்டுக்கிட்ட வாங்க" என்று சொல்லி, கலியமூர்த்தி முதலில் தன் கையை நீட்டினார். உடனே குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற இருதயராஜ் சிரித்தான். மூக்கன் சிரித்தார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

வடிவும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. கோவில் மணியடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்வது போல, வாய்தான் சிரித்தது.

"ஆயிரத்துல ஒருத்தர் உடம்புக்கு இது ஒத்துக்காது. அப்படி யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வேற வேலைக்கு அனுப்பிடுவோம்" என்றார் கலியமூர்த்தி.

வேற வேலை என்றால் என்ன என்று வடிவுக்குத் தெரியும். பதினேழு வருஷமாகச் சித்தாள். தலையில் கலவைச் சட்டி, காலடியில் ஆடும் சாரப்பலகை. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இன்னொரு மாடிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருத்துவமனைகளில் லிப்டில் ஏறிப் போய்ப் பார்க்கிற பராமரிப்பு வேலை இது. இதை விட்டால் அவளுக்கு மறுபடியும் படிக்கட்டுதான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வடிவிடம் ஒரு டெஸ்டர் இருந்தது. பழைய சைட்டில் ஒரு வயர்மேன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. முனையைக் கம்பியில் வைத்துத் தலையைத் தொட்டால் உள்ளே சின்ன விளக்கு எரியும். பயிற்சி நிலையத்தில் டெஸ்டருக்கு அனுமதி கிடையாது. விளக்கை நம்பிப் பழகினால் கூச்சம் மழுங்கிவிடும் என்று வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டுவிட்டார்கள். அன்று மாலை அவள் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, பையில் தப்பியிருந்த தன் டெஸ்டரின் கண்ணாடிக் கைப்பிடிக்குக் கறுப்பு டேப் சுற்றினாள். எள் அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை மட்டும் விட்டாள். இப்போது யார் பார்த்தாலும் அது ஸ்குரூ டிரைவர்தான்.

அந்த வயர்மேன் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். "டெஸ்டர் செத்துப்போயிருந்தா, உயிரோட இருக்கிற லைனையும் செத்துப்போச்சுன்னு சொல்லும்மா. அதனால முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வச்சுப் பாரு. அப்புறம் லைன்ல பாரு. திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்துல பாரு. மூணு தடவை."

பயிற்சிக் கூடத்தில் எப்போதும் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றுதான், சுவரோரம் ஃபேன் சொருகியிருந்த பிளக். வடிவு தினமும் வந்ததும் அங்கே போவாள். ஸ்குரூ டிரைவரை வைத்து ஏதோ நோண்டுவாள்.

"என்னக்கா அங்க?" என்று இருதயராஜ் கேட்டான். திண்டுக்கல் பக்கத்துக்காரன். பெயிண்டராக இருந்து வந்தவன். இருபத்தெட்டு வயது. வாய் ஓயாது.

"ஃபேன் பிளக் லூஸா இருக்குல."

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க."

"நேத்தும் லூஸாத்தான் இருந்துச்சு."

பிறகு போர்டுக்கு வருவாள், முதல் ஆளாக. முழங்கால் வலிக்கிறது, சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார வேண்டும் என்பது அவள் சொன்ன காரணம். உடம்பால் மறைத்துக்கொண்டு ஓர் ஆணியைத் திருகுவது போல முனையை வைப்பாள். எள் அளவு ஓட்டையில் ஒளி தெரிந்தால் சிரிப்பாள். இல்லாவிட்டால் சும்மா நிற்பாள். அப்புறம் மறுபடியும் ஃபேன் பிளக்குக்கு ஒரு நடை. கலியமூர்த்தி கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்.

சிரிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினாள். களுக், ஹிஹி, ஹஹ்ஹஹ்ஹா. மூன்றாவது நாள் விடுதிக்கார அம்மா கதவைத் தட்டி, "உள்ள யாரும்மா கூட இருக்கா?" என்று கேட்டாள். அடுத்த நாள் வடிவின் தலையணைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

ஆனால் வாரம் ஆக ஆக அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளைப் பின்பற்றுவது போல எல்லோரும் அவ்வளவு சரியாகச் சிரித்தார்கள். அவள் சிரித்து அரை நொடியில் இருதயராஜ் சிரிப்பான், அதற்குப் பிறகு மூக்கன், பிறகு வரிசையாக மற்றவர்கள். அவள் சிரிக்காத லைனில் யாருக்கும் சிரிப்பு வந்ததே இல்லை. பட்டை வேலை செய்கிறவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்வாள். தான் மட்டும் ஆயிரத்தில் ஒருத்தி.

"அக்கா, நீங்க எனக்கு நேரா நில்லுங்க. உங்க முகம் தெரிஞ்சா எனக்கு ஒரு தைரியம்" என்பான் இருதயராஜ்.

"எம் முகத்துல என்னல இருக்கு?"

"லட்சணம்க்கா."

மூக்கனும் அப்படித்தான். "தாயி, நீ முன்னால போ. பொம்பளைப் புள்ள முதல்ல கை வச்சா ராசி" என்பார்.

நிலையத்தில் இதுவரை படித்தவர்களில் இவர்கள்தான் நூற்றுக்கு நூறு என்று கலியமூர்த்தி கம்பெனிக்கு எழுதிவிட்டார்.

கடைசி நாள் பரீட்சை. கம்பெனியிலிருந்து ரெஹானா என்ற அதிகாரி வந்திருந்தார். கையில் டேப்லட், காலில் சத்தமே வராத செருப்பு. பயிற்சி போர்டில் பரீட்சை இல்லை, கட்டடத்தின் நிஜ போர்டில். ஓர் அறைக்குள் ஆறு இணைப்புகள். அதில் மூன்றை அவர் வேறெங்கோ இருந்து அணைத்திருப்பார். ஒவ்வொருவராக உள்ளே போய், கரண்ட் இல்லாத மூன்றையும் வெறுங்கையால் தொட்டுக் காட்ட வேண்டும்.

"கருவி எதுவும் கூடாது. கையும் பட்டையும் மட்டும்தான். பேர் வரிசைப்படி வாங்க" என்றார் ரெஹானா.

வடிவின் ஸ்குரூ டிரைவர் தலைக்கவசத்துக்குள் கொண்டையில் சொருகியிருந்தது. ஆனால் அதை உள்ளே எப்படி எடுப்பாள்? தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் முகத்திலும் ரத்தம் இல்லை. உங்களுக்கு என்னப்பா, உங்களுக்குத்தான் பட்டை வேலை செய்கிறதே என்று மனசுக்குள் அவர்களைத் திட்டினாள்.

"அக்கா முதல்ல போகட்டும் மேடம்" என்றான் இருதயராஜ். அவன் பெயர்தான் முதலில் இருந்தது.

"ஆமா மேடம், அந்தப் புள்ளைக்கு முழங்கால் வலி" என்றார் மூக்கன்.

"எனக்கு வயிறு சரியில்ல, அக்காவே போகட்டும்" என்றது இன்னொரு குரல். "எனக்கு இன்னும் ராகுகாலம் முடியல" என்றது மற்றொன்று. பதினொரு பேரும் அவளுக்கு வழிவிட்டார்கள்.

"வரிசைன்னா வரிசை" என்று சொல்லிவிட்டு ரெஹானா இருதயராஜை உள்ளே அழைத்துப் போனார்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. வடிவு எழுந்து அதன் வழியாகப் பார்த்தாள். அதிகாரி டேப்லட்டில் குனிந்திருந்தார். இருதயராஜ் போர்டின் முன்னால் நின்றான். கையை மெதுவாகத் தூக்கினான். முதல் இணைப்பைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான், மூன்றாவதன் எதிரில் நிறுத்தினான். பிறகு தலையைத் திருப்பினான்.

போர்டைப் பார்க்க வேண்டியவன் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

வடிவும் அவனைப் பார்த்தாள். அந்த அரை நொடி எவ்வளவு நீளமானது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வாரமும் அதற்குள் இருந்தது. நேரா நில்லுங்க என்றது, தைரியம் என்றது, எப்போதும் தனக்குப் பின்னால் வந்த சிரிப்பு. அவனுக்கும் வரவில்லை. இவன் என் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் சிரித்திருக்கிறான். இப்போதும் அதைத்தான் பார்க்கிறான். நான் சும்மா நிற்கிறேன். நான் சும்மா நின்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தம்.

அவன் விரல் கம்பியை நோக்கி நகர்ந்தது.

லைனில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று வடிவுக்குத் தெரியாது. சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று மட்டும் தெரியும். தாழ்வாரத்தில் கரண்டே இல்லை. இங்கே நின்று சிரிக்கிற ஆளுக்குப் பட்டையில் கோளாறு என்று யாருக்கும் புரிந்துவிடும். முழங்கால் ஒருமுறை சுருக்கென்றது.

அவள் சிரித்தாள். குளியலறையில் பழகிய எந்தச் சிரிப்பும் இல்லை அது. கதவு அதிர்ந்தது. உள்ளே இருதயராஜ் சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டு அவனும் சிரித்தான். பெஞ்சில் இருந்த பத்துப் பேரும், போர்டே கண்ணில் படாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கதவு திறந்தது. ரெஹானா வெளியே வந்து நின்றார். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியாக மூக்கனுடையது.

"தாழ்வாரத்தில் ஏது கரண்ட்? யார் முதலில் சிரிச்சது?"

வடிவு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நாந்தான் மேடம்" என்றாள் வடிவு. "எனக்குப் பட்டை வேலை செய்யல. முதல் நாள்லேர்ந்தே செய்யல. அவன் கையை எடுக்கணும்னுதான் சிரிச்சேன்."

"ஆயிரத்துல ஒருத்தர்" என்று கலியமூர்த்தி முனகினார்.

ரெஹானா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சரி. அவங்களுக்கு வேலை செய்யல. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

மூக்கன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தாயி சிரிச்சா நான் சிரிக்கிறது வழக்கம்."

"உங்களுக்குப் பட்டை?"

"எனக்கும் ஒண்ணும் வந்ததில்ல மேடம். எனக்கு மட்டும்தான் வரலைன்னு நினைச்சேன்."

"எனக்கும்" என்றது வயிறு சரியில்லாத குரல்.

"நானும் ஆயிரத்துல ஒருத்தன்தான்" என்றது ராகுகாலம்.

ஒருவர் மாற்றி ஒருவர், ஆயிரத்தில் ஒருவர்கள் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். பதினொன்றாவதாக இருதயராஜ் அறையிலிருந்து வெளியே வந்தான். "அப்ப நீங்க எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

வடிவு தலைக்கவசத்தைக் கழற்றினாள். கொண்டையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். கூடத்துக்குப் போய் ஃபேன் பிளக்கில் வைத்தாள். எள் அளவு ஒளி. திரும்பி வந்து அறைக்குள் மூன்றாவது இணைப்பில் வைத்தாள். எள் அளவு ஒளி. மறுபடியும் நொண்டிக்கொண்டே ஃபேன் பிளக்குக்குப் போனாள்.

"அந்த பிளக் லூஸே இல்லையாக்கா?" என்றான் இருதயராஜ். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. மூக்கன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

ரெஹானா டேப்லட்டை நெடுநேரம் தேய்த்தார். கடைசியில் அவர் முகம் தெளிந்தது. "இந்தப் பெட்டியில் வந்த பட்டைகளை யாரும் ஆன் செய்யவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். உங்க யார் மேலயும் குத்தம் இல்ல."

பன்னிரண்டு புதுப் பட்டைகள் வந்தன. மூன்று மணிக்குச் சான்றிதழ் கொடுக்கப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்ததால், பரீட்சையை எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாக வைத்து முடித்தார்கள். வடிவு முன்னால் நின்றாள். பழக்கம் விடவில்லை, ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தது; அவசரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. கூச்சம் வருகிறதா என்று உள்ளே உற்றுக் கேட்டாள். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல இருந்தது. ஓட்டையில் ஒளி தெரிந்தது. சிரித்தாள். பதினொரு பேரும் சிரித்தார்கள்.

"இப்ப நிஜமாவே வருதுக்கா" என்று இருதயராஜ் காதோரம் சொன்னான். "உங்களுக்கு?"

"வருதுல" என்றாள் வடிவு.

சாயங்காலம் எல்லோரும் வேறு வேறு இடங்களுக்குப் பிரிய வேண்டும். வடிவு பெயிண்ட் டப்பாவிலிருந்த டெஸ்டர்களை எடுத்து, பதினொன்றுக்கு டேப் சுற்றி, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"நிஜமா வரும்போது இது எதுக்குக்கா?" என்றான் இருதயராஜ்.

"வரட்டும். எந்த ஊருக்குப் போனாலும் ஃபேன் பிளக் லூஸா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ. எனக்காவ."

"தினமுமா?"

"தினமும் ரெண்டு தடவை."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் ஆழமாகச் சொருகிக்கொண்டான்.

வடிவுக்குச் சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் லிப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனாள். முழங்கால் நன்றி சொன்னது. அங்கே செங்கோடன் காத்திருந்தார். பட்டை வந்த வருஷத்திலிருந்து அதை ஒட்டிக்கொண்டிருப்பவர். அவர் சிரிப்பு நான்கு மாடிக்குக் கேட்கும், அதற்காகக் கம்பெனி ஒரு கேடயமே கொடுத்திருக்கிறது என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"வாம்மா" என்றார். "போர்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இரு."

தாழ்வாரத்து மூலையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கே போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதன் கைப்பிடிக்கு டேப் சுற்றியிருந்தது, பச்சை டேப். குனிந்து ஏதோ நோண்டினார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. இந்த பிளக் லூஸா இருக்கு" என்றார் செங்கோடன்.

வடிவுக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு தோளில். வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. அவ்வளவு சிரிப்பு தனக்குள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. செங்கோடன் பதறி பிளக்கிலிருந்து கையை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"என்னம்மா, தரையில எங்கயாவது கசிவு இருக்கா?"

"இல்லண்ணே" என்று மூச்சு வாங்கினாள். "இந்தச் சிரிப்பு என்னுது."

தலைக்கவசத்தைக் கழற்றி, கொண்டையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். கறுப்பு டேப். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா, எனக்கு மட்டும்தான் வரலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"உங்களோட வேலை பாத்தவங்க?"

"எல்லாரும் நல்லாச் சிரிப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு அப்புறம்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டேப் சுற்றிய ஸ்குரூ டிரைவர் யாரிடமும் இல்லாத கட்டடம் ஒன்று எங்காவது இருக்குமா என்று வடிவு கேட்க நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கேட்கவில்லை. சட்டைப் பையில் ஆழமாகச் சொருகிக்கொண்ட இருதயராஜ் கண்ணுக்குள் வந்தான். மதியம் முதல் வேலையாக அவனுக்கு போன் பண்ண வேண்டும். அப்புறம் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி எங்கே கொடுப்பது என்று விசாரிக்க வேண்டும்.

செங்கோடன் போர்டைத் திறந்தார். வடிவு முனையை வைத்தாள். எள் அளவு ஒளி. அவர் வைத்தார். பச்சை டேப்பிலும் ஒளி. இரண்டு பேரும் மறுபடியும் ஃபேன் பிளக்குக்குப் போய் வந்தார்கள்.

செங்கோடன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. கீழே மெயின் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் குரல். "என்னப்பா, ஒரு சத்தத்தையும் காணோம்? லைன் டெட்டா? ஆள ஏத்திவிடவா?"

செங்கோடன் வடிவைப் பார்த்தார். வடிவு செங்கோடனைப் பார்த்தாள்.

"நீங்க ஆரம்பிக்கிறீங்களா, நான் ஆரம்பிக்கட்டுமாண்ணே?"

"சேர்ந்தே ஆரம்பிப்போம்மா" என்றார் அவர். இருவரும் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்கள்.